அம்மாவும் இருபது வளைவுகளும்

நவம்பர் 1, சிவதாபுரம், இரவு

ஓசூரில் காலை ஏழரைக்கு ஏறிய பஸ், பதினொன்றரைக்குள் சேலம் வந்திருக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குடைசாய்ந்து கிடந்ததால் ஒரு மணி ஆகிவிட்டது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. தொப்பூர் வழியாகப் போய் வருகிறவர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. பக்கத்து சீட்டுப் பெரியவர் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். வண்டி நகர்ந்தபோது கை கழுவி முடித்திருந்தார்.

பள்ளியில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். காரணம் என்ன என்று கேட்ட தலைமையாசிரியையிடம் "அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தம்பி போய் நான்கு மாதம்தான் ஆகிறது. சுற்றுலா போகிற நேரமா என்று நினைத்திருப்பார்.

கேட்டது அம்மாதான். போன வாரம் போனில், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "என்னைய ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா கண்ணு" என்றாள். எழுபது வருஷமாகச் சேலத்தில் இருக்கிறாள். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். ஒரு தடவைகூடப் போனதில்லை. தம்பி அந்த மலையில் பதினொரு வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டினான். "அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேம்மா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். சீசன் என்றால் சவாரி விடாது. மழைக்காலம் என்றால் பனிமூட்டம், அம்மாவுக்குச் சளி பிடிக்கும். அப்புறம் அவனுக்கே சிறுநீரகம் போய்விட்டது. இரண்டு வருஷம் டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஜூனில் போய்விட்டான். வயது 38.

டயாலிசிஸ் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊசி போடுவதற்காக முன்கையில் ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்து வைத்திருப்பார்கள். பிஸ்டுலா என்பார்கள். அதன்மேல் கை வைத்தால் உள்ளே எதோ உறுமுகிற மாதிரி அதிரும். அந்த அதிர்வு இருந்தால்தான் குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், தினமும் தொட்டுப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அம்மா ராத்திரி ஜெபத்துக்கு முட்டி போடும்போது அவன் இடது கையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அதிர்வு கையில் ஏற ஏற ஜெபம் நீளும். "என்னம்மா, வண்டி ஐடிலிங்ல ஓடுதா?" என்பான் அவன்.

இன்று ராத்திரியும் முட்டி போட்டாள். அதே கட்டில். கையைக் கட்டில் சட்டத்தின்மேல் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஜூனிலிருந்து எனக்கு ஜெபம் வருவதில்லை. வாய் அசையும், அதோடு சரி.

படுக்கும் முன் அம்மா தண்ணீர் குடித்தாள். டம்ளரில் பாதிதான் ஊற்றினாள்.

நவம்பர் 2, சிவதாபுரம்

கல்லறைத் திருநாள். எங்கள் சபையிலும் இன்று கல்லறைக்குப் போகிற வழக்கம் உண்டு. செவ்வந்திப்பூ, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கூடவே குடை. சேலத்தில் நவம்பர் மாதத்து மழையை நம்பி மெழுகுவர்த்தி ஏற்ற முடியாது. ஏற்றினோம், அணைந்தது, ஏற்றினோம், அணைந்தது. தம்பிக்கு இன்னும் கல்லறை கட்டவில்லை. மண் மேடுதான். மழையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது. அம்மா அதைக் கையால் ஒதுக்கி மேடாக்கிக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

அம்மாவின் அழுகை ஒப்பாரியாகத்தான் வரும். அவள் அம்மாவிடம் கற்றது. "கொலுசுப் பட்டறை ஓஞ்சு போச்சே, எங்கொலவிளக்கு அணைஞ்சு போச்சே" என்று இழுத்துப் பாடுவாள். அடக்கத்தன்று இப்படித்தான் பாடினாள். அப்போது சபை மூப்பர் ஒருவர் வந்து, "நம்பிக்கையில்லாதவங்க மாதிரி அழக் கூடாதும்மா, சாட்சி கெட்டுப் போயிடும்" என்று நிறுத்திவிட்டார். நிறுத்தியதும் அம்மா வாயை மூடிக்கொண்டாள். நானும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் சொன்ன வசனம் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபத்தில் வருகிறது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்காதபடிக்கு என்றுதான் பவுல் எழுதுகிறார். துக்கிக்கவே கூடாது என்றில்லை. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் விட்டார்.

இன்று மூப்பர் இல்லை. புதிதாக வந்திருக்கிற ஐயர் வந்தார் (சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்), சின்ன வயதுக்காரர். அம்மா பாடுவதைப் பார்த்ததும் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடையை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். அவர் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அடுத்த கல்லறைக்குப் போனார். அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

மத்தியானம் வீட்டில் மழைக்குள் அடைந்து கிடந்தோம். அப்பாவின் பழைய வேதாகமம் அலமாரியில் இருந்தது. சங்கீதத்தைப் புரட்டினேன். தமிழாசிரியை என்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பக்திக்காக எடுத்தாலும் பாட்டின் அமைப்பைத்தான் கண் தேடும். 150 பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். சிறு வயதில் 23-ஐயும் 91-ஐயும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 13-ஐ யாரும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. அதில் முதல் இரண்டே வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு தடவை வருகிறது. கடனைக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறவன் குரல் அது. 88 இன்னும் மோசம். மற்றப் புலம்பல்கள் எங்காவது ஒரு திருப்பத்தில் துதிக்கு வந்துவிடும், அது வராது. நண்பர்களையும் தூரமாக்கிவிட்டீர் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் தொடக்கத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் இத்தனையும்.

56-ஆம் சங்கீதத்தில், என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும் என்று தாவீது கேட்கிறார். அங்கே துருத்தி என்றால் தண்ணீர் மொண்டு வைக்கிற தோல்பை. எங்களுக்கு எப்படித் தெரியும்? பட்டறையில் வெள்ளி உருக்குகிற கரி அடுப்புக்குக் காற்று ஊதுகிற துருத்திதான் தம்பிக்கும் எனக்கும் தெரிந்த துருத்தி. கர்த்தர் நம் கண்ணீரை எல்லாம் துருத்திக்குள் போட்டு நெருப்பை ஊதுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் ஒருநாள் அப்பாவிடம், "அழுதா நெருப்பு அணைஞ்சிடாதாப்பா?" என்று கேட்டு உதை வாங்கினான். இன்று அது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்கவில்லை.

பத்தாம் வகுப்புக்கு சுந்தரரைப் பற்றிச் சொல்லும்போது நான் விரும்பிச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. கண்பார்வை போய், திருவாரூரில் இறைவன் முன் நின்று "வாழ்ந்து போதீரே" என்று பாடுகிற இடம். அடிமைகள் துன்பப்பட, நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் ஐயா என்கிற வயிற்றெரிச்சல். சைவர்கள் அதைத் திருமுறையில் வைத்துக் கோயிலில் ஓதுகிறார்கள். யாரும் சுந்தரரைப் பார்த்துச் சாட்சி கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. அந்த மூப்பரிடம் இதைச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன், தெரியும்.

சாயந்திரம் மழை விட்டது. தெருமுனையில் இரண்டு பிளேட் தட்டுவடை செட் வாங்கி வந்தேன். அம்மா ஒன்றை எடுத்து, நடுவில் வைத்திருந்த பீட்ரூட்டையும் காரட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதத்தானே சாப்பிடாதேன்னாங்க" என்று தட்டில் வைத்துவிட்டாள். பொட்டாசியம், சிறுநீரகம் போனவர்களுக்கு ஆகாது. இரண்டு பிளேட்டையும் நானே தின்றேன்.

நவம்பர் 3, ஏற்காடு

காலை எட்டு மணி பஸ். அம்மா ஜன்னலோரம். அஸ்தம்பட்டி, கோரிமேடு, பிறகு சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ, மிச்சம் இருப்பது வாசல்தான். அடிவாரம் தாண்டியதும் காற்று மாறிவிட்டது.

மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. முதல் வளைவில் டிரைவர் கியரைக் குறைத்ததும் பஸ் முழுக்க அதிர்ந்தது. முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த அம்மா கையைப் பார்த்தாள். பிறகு பிடியை விட்டு, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கம்பியின்மேல் அப்படியே பதித்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இருபதாவது வளைவு வரை எடுக்கவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. பின்னால் ஒரு பையன் வாந்தி எடுத்தான், அவன் அம்மா எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்ததில் பதில் சொல்ல முடியவில்லை.

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கினோம். ஊர் சின்னது. ஏரியைச் சுற்றிக் கடைகள், படகு, சோளக்கதிர், மிளகாய் பஜ்ஜி. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்கிறார்கள். கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. காப்பித் தோட்டங்கள்தான் அழகு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, அடியில் காப்பிச் செடி. பழம் இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிராம். தம்பி இதை எல்லா டூரிஸ்ட்டுகளுக்கும் சொல்வான். அம்மாவிடமும் சொல்லியிருக்கிறான். நான் ஆரம்பித்ததும் "தெரியும், தெரியும், காப்பர்ன் தொர" என்றாள்.

வேன் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும் என்றாள். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் இளவட்டம், யாருக்கும் அவனைத் தெரியவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. போய்விடலாம் என்று திரும்பும்போது டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "சிவதாபுரத்துக்காரரா? ஒரு துண்டு போட்டிருப்பாரே?" என்றார். "நல்ல டிரைவருங்க. ஏறுன கியர்லயேதான் எறக்குவாரு. பிரேக்கை நம்ப மாட்டாரு." அவ்வளவுதான் சொன்னார். அவருக்கும் வேறு ஞாபகம் இல்லை. அம்மா அவர் குடித்த டீக்குக் காசு கொடுக்கப் போனாள். அவர் வாங்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் லேடீஸ் சீட். பனி கொஞ்சம் விலகியது. கீழே சேலம் முழுக்க விளக்குகள். பக்கத்தில் நின்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா, "ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் குத்துமதிப்பாக ஒரு வெளிச்சத்தைக் காட்டினேன். "அது இல்ல. அங்க பச்சை லைட்டு இருக்கும்" என்றாள். நெடுநேரம் தேடினாள்.

அப்போதுதான் சொன்னாள். கடைசி ராத்திரி தம்பி தண்ணீர் கேட்டிருக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்று அவனுக்குக் கட்டுப்பாடு. அன்றைய அளவு முடிந்திருந்தது. "முழு டம்ளர் குடும்மா" என்றிருக்கிறான். அம்மா பாதிதான் கொடுத்தாள். "நாளைக்கு டயாலிசிஸ் முடிஞ்சதும் நெறையாத் தரேன் சாமி" என்றாளாம். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

நான்கு மாதமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "ஆண்டவர்கிட்டச் சொன்னியாம்மா?" என்றேன். "அவருகிட்டச் சொல்றதுக்கு என்ன இருக்கு? அவருக்கிட்டக் கேக்கத்தான் இருக்கு" என்றாள். "கேக்கறதுக்குப் பயமா இருக்கு கண்ணு. மூப்பரு அப்படிச் சொன்னாரில்ல."

லாட்ஜில் இரண்டு கம்பளி கொடுத்தார்கள். இரண்டும் போதவில்லை.

நவம்பர் 4, சிவதாபுரம், இரவு

காலையில் ஆட்டோ பிடித்து சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலைத்தொடரின் உச்சி, 5,326 அடி. நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை, ஆனால் தம்பி தினமும் போய் வந்த இடம் என்பதால் அம்மா பார்க்க வேண்டும் என்றாள். மேலே போனால் வெட்டவெளி, புல்தரை, காற்று ஆளைத் தள்ளுகிறது. கோயில் ஒரு குகைதான். குனிந்து உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளி மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். மலையாளி என்றால் கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலையிலேயே வாழ்கிற பழங்குடிகள், தமிழ் பேசுகிறவர்கள். நாங்கள் வெளியே நின்றோம்.

வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாட்டி ஆரஞ்சும் கொய்யாவும் கூறு கட்டி வைத்திருந்தார். அம்மா பேரம் பேச உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு கிழவிகளும் எப்படி அரை மணி நேரத்தில் மகன் செத்த கதைக்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டிக்கும் ஒரு மகன், காய்ச்சலில் போயிருக்கிறான்.

"ஏழு வருசமா அவங்கிட்ட நான் பேசறதில்ல" என்றார், குகையைக் கையால் காட்டி.

"யாருகிட்ட, சாமிகிட்டயா?" என்றாள் அம்மா.

"பின்ன? தெனம் வந்து வெளக்க வெச்சிட்டுப் போயிருவேன். பேச்சு கிடையாது."

"அப்ப எதுக்கு வெளக்கு?"

"அவன் இருட்டுல கெடக்கணுமா?"

அம்மா சிரித்தாள். சேலையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. ஜூனுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. பாட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ஆரஞ்சு கூடுதலாகப் போட்டார்.

சாயந்திர பஸ்ஸில் இறங்கினோம். இறங்கும்போது இருபதாவது வளைவுதான் முதலில் வரும். பலகையைப் பார்த்ததும் அம்மா கம்பியில் கையை வைத்தாள். ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை, மெதுவாக, ஆனால் காது கேட்கிற மாதிரி, "எதுக்கு அவன?" என்றாள். பத்தொன்பதில், "எங்கிட்ட ரெண்டு கிட்னி இருந்துச்சில்ல, வயசாயிடுச்சுன்னு ஏன் வேண்டாம்னாங்க?" பதினெட்டில், "காப்பீட்டு அட்டை இருந்தும் ஏன் அத்தன நாள் அலைய விட்டீரு?" அதற்கப்புறம் வளைவுக்கு ஒன்று. சிலது சின்னச் சின்னக் கேள்விகள். ஆஸ்பத்திரி லிஃப்ட் ஏன் அந்த வாரமே கெட்டுப் போக வேண்டும். பெண் பார்த்துவிட்டு வந்த மாதத்தில் ஏன் கால் வீங்க வேண்டும். ஒன்று அப்பாவைப் பற்றி, அதை நான் இங்கே எழுத மாட்டேன். பதினோராவது வளைவில் எதிரே ஏறி வந்த லாரிக்கு எங்கள் டிரைவர் ஒதுங்கி நின்றார். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அந்த இடைவெளியில் அம்மா எதுவும் பேசவில்லை, வண்டி நகர்ந்ததும்தான் கேட்டாள்.

ஒன்பதில் தண்ணீரைக் கேட்டாள். "அரை டம்ளரு தண்ணி. நான் குடுக்கலன்னா நீராச்சும் ஒரு நாள் பொறுத்திருக்கலாமில்ல?" குரல் உயர்ந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். எனக்கும் வாயில் ஏதோ வந்தது. ஜெபம் என்று சொல்ல மாட்டேன். "பதில் சொல்லுங்க" என்பது மட்டும்தான். நான்கு மாதத்தில் ஆண்டவரிடம் நான் பேசிய முதல் பேச்சு.

எட்டில் ஒன்று கேட்டாள், காதில் விழவில்லை. ஏழாவது பலகை வந்தபோது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கை மட்டும் கம்பியிலேயே இருந்தது. டிரைவர் ஏறின கியரிலேயே இறக்கிக்கொண்டு போனார். மீதி வளைவுகளை நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டோம். நாளைக் காலை எனக்கு ஓசூர் பஸ். படுக்கப் போகும் முன் அம்மா தண்ணீர் குடித்தாள். அரை டம்ளர்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கட்டில் பக்கத்தில் முட்டி போட்டுவிட்டாள்.

"நானும் வரட்டுமாம்மா?" என்றேன்.

"நீ படு கண்ணு. தூங்கிட்டனே, ஏழு வளைவு பாக்கி இருக்கில்ல. அத இப்பக் கேட்டுடறேன்" என்றாள்.

லைட்டை அணைக்கச் சொல்கிறாள்.